விதி என்பது யாரோ எழுதியது

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் கல்லூரித் தம்பிகள் சிலர் புத்தகத்துக்குப் பதிலாக ஒரு பை நிறையப் பகடைகளோடு வந்தார்கள். நான்கு பக்கப் பகடை, எட்டுப் பக்கப் பகடை, இருபது பக்கப் பகடை என்று விதவிதமாக இருந்தன. விடுதி அறையில் வாரக் கடைசியில் ஆடுகிற விளையாட்டாம். பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். "நீங்களும் ஒருநாள் ஆடிப் பாருங்க தோழர்" என்றார்கள். ஆடினோம்.

ஆளுக்கொரு கதாபாத்திரத் தாள் கொடுக்கப்பட்டது. சட்டம் முதலாண்டு படிக்கிற ஒரு தம்பிக்கு வந்தது 'டிரவ்' என்ற இனத்துப் பாத்திரம். எல்ஃப்களில் ஒரு பிரிவு. கருந்தோல், வெள்ளை முடி, பூமிக்கடியில் குடியிருப்பு. "மத்த எல்ஃபெல்லாம் காட்டுல அரண்மனை கட்டி வாழுறான். இவன் மட்டும் ஏன் கருப்பா, பாதாளத்துல கெடக்கான்?" என்று தம்பி கேட்டார். கதையை நடத்திய நண்பர் சாதாரணமாகப் பதில் சொன்னார்: "அது சாபம்டா. இவனோட முன்னோர்கள் துரோகம் பண்ணிட்டாங்க, சாமி சபிச்சிருச்சு. மொத்த இனமும் கருப்பாகி கீழ போயிருச்சு."

தம்பி பகடையைக் கீழே வைத்தார். கோபமெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "எங்க ஊர்லயும் இதே கதைதாண்ணே சொல்லுவாங்க. பேரு மட்டும்தான் வேற."

அன்று விளையாட்டு அதோடு நின்றது. பேச்சு நள்ளிரவு வரை போனது. அந்தப் பேச்சின் தொடர்ச்சிதான் இந்தக் கட்டுரை. குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலக்கிற நாட்டில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க விளையாட்டைப் பற்றி எழுத வேண்டுமா என்று சில மூத்த தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், ஒரு மக்கள் கூட்டத்தைப் பிறப்பாலேயே கெட்டவர்களாக்குகிற கதை எப்படிப் புனையப்படுகிறது என்பதை இந்த விளையாட்டைப் போல ஒளிவுமறைவின்றி, விதிப்புத்தகத்தில் எண் போட்டு அச்சடித்து வைத்திருக்கிற இடம் வேறில்லை. நம்முடைய நூல்களில் அது மந்திரமாக, புராணமாக, பழமொழியாகக் கலந்து கிடக்கிறது. இங்கே விதி விதியாகப் பிரித்துப் படிக்கலாம்.

சாபம் என்ன செய்கிறது?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கிய விளையாட்டு இது. பலகையோ திரையோ கட்டாயமில்லை. நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, ஒரு கதையைக் கூட்டாக நடத்துகிறார்கள். ஒருவர் கதையை நடத்துவார். வாள் வீசினால் படுமா, பேசினால் எதிராளி நம்புவானா என்பதையெல்லாம் இருபது பக்கப் பகடை தீர்மானிக்கும்.

இதில் 'பெஸ்டோ கர்ஸ்' என்று ஒரு மந்திரம் இருக்கிறது. சாபமிடுவது. 2014இல் வந்த விதிப்புத்தகத்தின்படி அதன் விளைவுகளில் ஒன்றை மட்டும் பாருங்கள். சபிப்பவர் உடல் வலுவோ அறிவோ பேச்சுத் திறனோ ஏதாவது ஓர் ஆற்றலைத் தேர்ந்தெடுப்பார், சபிக்கப்பட்டவர் அந்த ஆற்றலைப் பயன்படுத்தும் போதெல்லாம் பகடையை இரண்டு முறை உருட்ட வேண்டும். இரண்டில் குறைந்த எண்தான் கணக்கில் சேரும். இதற்கு 'டிஸ்அட்வான்டேஜ்' என்று பெயர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டிய இடத்தில் மற்றவருக்கு வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு 50. சபிக்கப்பட்டவருக்கு 25. காரியம் கடினமாகி 16 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்றால் மற்றவருக்கு 25, சபிக்கப்பட்டவருக்கு ஆறேகால். அதாவது காரியம் கடினமாக ஆக, இருவருக்கும் நடுவிலான விகிதம் விரிந்துகொண்டே போகும். எளிய இடத்தில் பாதியாக இருந்தது கடினமான இடத்தில் காலாகிவிடுகிறது.

உயர்கல்வி நிறுவனங்களின் நேர்முகத் தேர்வு அறைக்குள் போய்வந்த தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பள்ளி வரை ஓரளவு சமாளித்து வந்தவர், ஆய்வுப் படிப்பு வாசலில் ஏன் திடீரென்று 'தகுதி இல்லாதவர்' ஆகிறார் என்று அப்பாவியாகக் கேட்கிறவர்களிடம் இந்த இரண்டு பகடைக் கணக்கைக் காட்டலாம். தாளில் எழுதியிருக்கிற அவருடைய ஆற்றல் குறையவே இல்லை. அந்த எண் அப்படியேதான் இருக்கிறது. உருட்டுகிற முறை மட்டும்தான் அவருக்கு வேறு. மேசையைச் சுற்றி இருக்கிறவர்கள் பகடையில் விழுந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, "பையனுக்குத் திறமை போதாது" என்கிறார்கள்.

ஆனாலும் இந்த மந்திரச் சாபத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. சபித்தவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். எப்போது சபித்தான் என்று தெரியும். சாபத்துக்குக் கால அளவு உண்டு, சாதாரணமாக ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடமும் சபித்தவன் தன் கவனத்தை அதிலேயே வைத்திருக்க வேண்டும். அவனை அடித்துக் கவனத்தைக் கலைத்தால் சாபம் உடைந்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பரிசாக வருகிற சாபம்

இன்னொரு வகைச் சாபம் பொருள்களில் ஒட்டிக்கொண்டு வருவது. பளபளக்கும் கோடரி கிடைக்கிறது, மந்திர சக்தி உள்ளது. எடுத்துத் தோளில் போட்டுக்கொண்ட பிறகுதான் தெரியும், அதற்குள் சாபம் இருக்கிறதென்று. பொருளின் தன்மையை அறிகிற மந்திரம் போட்டாலும் பெரும்பாலும் சாபம் மட்டும் தெரியாது என்று 2014ஆம் ஆண்டு நடத்துநர் கையேடு சொல்கிறது. 'பெர்சர்க்கர் ஆக்ஸ்' என்ற கோடரியின் விதி இன்னும் கொடுமை: சாபம் இருக்கும்வரை அந்தக் கோடரியை விட்டுப் பிரிய அவருக்கே மனம் வராது.

இதைப் படித்ததும் எங்களுக்கு நினைவுக்கு வந்தது 'மகர் வத்தன்'. பம்பாய் மாகாணத்தில் மகர்கள் பரம்பரையாகச் செய்த ஊர் வேலைக்கு ஈடாகச் சிறு துண்டு நிலமும், ஊராரிடமிருந்து தானியமும் பெறும் 'உரிமை'. பெயர் உரிமை. நடைமுறையில், எந்நேரம் அழைத்தாலும் அரசாங்கத்துக்கும் ஊருக்கும் ஓடிப்போய் வேலை செய்ய வேண்டிய கட்டு. பெற்றவர் மட்டுமல்ல, அவர் குடும்பமே கட்டுப்பட்டது. பாபாசாகேப் அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் இதைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். ஆட்சியாளர்களோடு மட்டுமல்ல, அந்தத் துண்டு நிலத்தை விட மனம் வராத தம் மக்களோடும் அவர் பேச வேண்டியிருந்தது. அதைச் சட்டப்படி ஒழிக்க 1958 வரை ஆனது.

நம் ஊர்களில் சாவுக்குப் பறையடிக்கிறதையும், இழவு சொல்லப் போகிறதையும், செத்த மாட்டைத் தூக்குகிறதையும் 'உரிமை', 'சுதந்திரம்', 'மரியாதை' என்ற பெயர்களில்தான் கையில் கொடுத்தார்கள். வாங்கும்போது பரிசு. கழற்ற முயன்றால்தான் ஊர் கூடுகிறது. 'எங்க தாத்தா காலத்துலேர்ந்து வர்ற உரிமை' என்று நம்மவர்களே சிலர் விட மறுக்கும்போது அவர்கள்மீது எரிந்து விழுவதில் பயனில்லை. சாபம் வேலை செய்கிற விதமே அதுதான்.

பிறந்தவனுக்கு மீட்சி இல்லை

மூன்றாவது வகைதான் தம்பியைப் பகடையைக் கீழே வைக்கச் செய்தது. பிறப்பால் வருகிற சாபம்.

ஓநாய் மனிதன் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 2014ஆம் ஆண்டு விலங்குகள் கையேட்டில் இதற்கொரு விதி உண்டு. ஓநாய் மனிதன் கடித்து இந்தச் சாபம் ஒட்டிக்கொண்டவரை 'ரிமூவ் கர்ஸ்' என்ற மந்திரத்தால் குணப்படுத்திவிடலாம். அது மூன்றாம் நிலை மந்திரம்தான், ஓரளவு அனுபவமுள்ள பூசாரி போட்டுவிடுவார். ஆனால் ஓநாய் மனிதனுக்கே *பிறந்தவராக* இருந்தால் அது பலிக்காது. அந்த உலகத்தின் மிக உச்சமான மந்திரமான 'விஷ்' ஒன்றுதான் அவரை மீட்கும். ஒரே நோய், ஒரே உடம்பு. வழியில் ஒட்டியதென்றால் மருந்து உண்டு, வழிவழியாக வந்ததென்றால் கிடையாது. மதம் மாறினாலும் படித்தாலும் பதவிக்கு வந்தாலும் 'என்ன ஆளுங்க' என்று விசாரிக்கிற நாட்டில் இருக்கிற நமக்கு இது புதிய விதியில்லை.

இப்போது டிரவ் கதைக்கு வருவோம். இந்த இனம் 1970களின் பிற்பகுதியில் விளையாட்டுக்குள் வந்தது. 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' என்ற கற்பனை உலகத்துக்காக எழுதப்பட்ட வரலாறு இப்படிப் போகிறது: ஒரு காலத்தில் எல்ஃப் அரசுகளுக்கிடையே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் போர் நடந்தது. அதைத் தொடங்கியவர்கள் ஆர்யவண்டார் என்ற அரசை ஆண்ட பொன்னிற சூரிய எல்ஃப்கள். கருப்பு எல்ஃப்கள் வாழ்ந்த மியெரிட்டார் என்ற நாடு மந்திரப் புயலால் அழிக்கப்பட்டது. அதற்குப் பழிவாங்க இலித்தீர் என்ற மற்றொரு கருப்பு எல்ஃப் அரசு தீய சக்திகளோடு சேர்ந்து பேரழிவு செய்தது. கடைசியில் எல்ஃப்களின் கடவுள் கொரெலான் தீர்ப்பு வழங்கினார். அவருடைய பூசாரிகளும் பெருமந்திரவாதிகளும் அந்தச் சாபத்தை நிறைவேற்றினார்கள். குற்றம் செய்தவர், செய்யாதவர் என்ற வேறுபாடில்லாமல் கருப்பு எல்ஃப்கள் டிரவ்களாக மாற்றப்பட்டு பூமிக்கடியில் துரத்தப்பட்டார்கள். தங்கள் நாடே அழிந்துபோய் அகதிகளாக நின்ற மியெரிட்டார் மக்கள் உட்பட.

சரி, போரைத் தொடங்கிய சூரிய எல்ஃப்கள்? அவர்களில் ஆண்ட குலம் ஒன்று பிறகு போரில் ஒழிக்கப்பட்டது. இனத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பொன்னிறமும் போகவில்லை. மேலே உள்ளவர்கள் தவறு செய்தால் அது ஒரு குடும்பத்தின் தவறு, கீழே உள்ளவர்கள் தவறு செய்தால் அது இனத்தின் குணம். செய்தித்தாள் படிக்கிற நமக்கு இந்த நீதி நன்றாகத் தெரியும்.

சாபத்துக்கு அடையாளம் தோல். சாபத்துக்கு எண்ணும் உண்டு: 2014ஆம் ஆண்டு விதிப்படி டிரவ் பாத்திரம் நேரடி வெயிலில் நின்று தாக்கினாலும், கண்ணால் எதையாவது உற்றுப் பார்த்தாலும் இரண்டு பகடை, குறைந்த எண். வெளிச்சத்துக்கு வந்தாலே தண்டனை. பல ஆண்டுகள் கழித்து வெளிவந்த ஒரு நாவல் வரிசையில் டிரவ்களில் ஒரு பகுதியினருக்குச் சாபவிமோசனம் கிடைக்கிறது. விமோசனம் கிடைத்ததற்கு என்ன அடையாளம் தெரியுமா? கருப்பாக இருந்த தோல் பழுப்பாகிறது!

பழைய விதிப்புத்தகங்கள்

இதை எழுதிய அமெரிக்கர்கள் நம் நூல்களைப் பார்த்து எழுதினார்கள் என்று நாம் சொல்லவில்லை. பார்த்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஒடுக்குகிறவன் எங்கே இருந்தாலும் அவனுக்கு இந்தக் கதை தேவைப்படுகிறது, அவனே கண்டுபிடித்தும் கொள்கிறான்.

விவிலியத்தின் ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தில் நோவா தன் மகன் காமின் செயலுக்காகக் காமின் மகன் கானானைச் சபிக்கிறார். அதில் தோல் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. ஆனாலும் அமெரிக்க அடிமை முதலாளிகள் கருப்பின மக்களை அந்தச் சாபத்தின் வாரிசுகளாக்கி, அடிமை முறைக்குக் கடவுள் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

ஐதரேய பிராமணத்தில் விசுவாமித்திரர் சுனச்சேபனைத் தத்தெடுத்து மூத்தவனாக்குகிறார். அதை ஏற்க மறுத்த ஐம்பது மகன்களைச் சபிக்கிறார். அந்த மகன்களின் வழிவந்தவர்கள்தான் ஆந்திரர், புண்டரர், சபரர், புளிந்தர் முதலியோர் என்கிறது நூல். அதாவது, ஆரிய எல்லைக்கு வெளியே தங்களுக்கென்று நிலமும் வாழ்வும் கொண்டிருந்த மக்கள் எல்லாம் ஒரு முனிவரின் கீழ்ப்படியாத பிள்ளைகளாகிவிடுகிறார்கள். மண்ணின் மக்கள் ஒரே வரியில் குற்றவாளி வாரிசுகள்.

வால்மீகி ராமாயணத்தின் பால காண்டத்தில் திரிசங்கு கதை வருகிறது. உடலோடு சொர்க்கம் போக ஆசைப்பட்ட அரசனை வசிட்டரின் மகன்கள் சண்டாளனாகும்படி சபிக்கிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் உடல் கருத்திருக்கிறது, உடை கருத்திருக்கிறது, அணிந்திருந்த நகைகள் இரும்பாகியிருக்கின்றன. மந்திரிகளும் மக்களும் அவனைப் பார்த்ததும் விட்டு ஓடிவிடுகிறார்கள். நேற்று வரை அரசன் என்று வணங்கியவர்கள்தான். இந்தக் காட்சியைக் கவனமாகப் படித்தால் ஒன்று புரியும்: சண்டாளர் என்ற மனிதர் ஏற்கெனவே ஊருக்கு வெளியே இருந்தால்தான் அந்தச் சாபத்துக்குப் பொருளே உண்டு. தன்னுடைய ஒடுக்குமுறையையே இன்னொருவனுக்குத் தண்டனையாக எடுத்துக்கொடுக்கிறது சமூகம். பிறகு அந்தத் தண்டனையைக் காட்டி, 'பார், அவர்கள் சபிக்கப்பட்டவர்கள்' என்கிறது.

எல்லாக் கதைகளிலும் உறுப்புகள் ஒன்றே. முன்னோர் செய்த ஒரு குற்றம். சபிக்க 'அதிகாரம்' உள்ள ஒருவர். உடம்பில் ஓர் அடையாளம். முடிவில்லாத வாரிசுத் தொடர். இத்தனையும் சேர்ந்து செய்கிற வேலையும் ஒன்றே: நிலத்தைப் பிடுங்கிய கையை, வேலியிட்ட கையை, சட்டம் எழுதிய கையை மறைப்பது.

இதனால்தான் நம் முன்னோடிகள் சாபக் கதை இருந்த இடத்தில் வரலாற்றைத் தேடினார்கள். அம்பேத்கர் 1946இல் 'சூத்திரர்கள் யார்?' நூலையும், 1948இல் 'தீண்டப்படாதோர்' நூலையும் எழுதினார். இந்த மக்கள் வீழ்ந்தார்கள் என்றால் யாரால், எந்த மோதலில், எந்த நலனுக்காக வீழ்த்தப்பட்டார்கள் என்பதே அவர் கேள்வி. அவருக்கு முன்பே அயோத்திதாசப் பண்டிதர், 1907இல் தொடங்கிய தம் இதழில், தாழ்த்தப்பட்டோர் எனப்படுவோர் தாழ்ந்தவர்கள் அல்லர், பூர்வ பௌத்தர்கள், பகையால் *தாழ்த்தப்பட்டவர்கள்* என்று எழுதிக்கொண்டே போனார். அவர்கள் சொன்ன ஒவ்வொரு வரலாற்று முடிவையும் இன்றைய ஆய்வு ஏற்கிறதா என்பது தனிக் கேள்வி. ஆனால் வினைச்சொல்லை மாற்றினார்களே, அதுதான் பெரிய காரியம். 'தாழ்ந்த' என்பது சாபத்தின் மொழி. 'தாழ்த்தப்பட்ட' என்றவுடன் தாழ்த்தியவன் ஒருவன் வாக்கியத்துக்குள் வந்து நின்றுவிடுகிறான்.

படிக்காத நம் பாட்டன்மாரும் சும்மா இருக்கவில்லை. 'பார்ப்பானுக்கு மூத்த பறையன், கேட்பாரில்லாமல் கீழ்ச்சாதியானான்' என்ற பழமொழி எத்தனை ஊர்களில் இன்றும் புழங்குகிறது! அதில் பாவம் உண்டா? சாபம் உண்டா? முன்வினை உண்டா? 'கேட்பாரில்லாமல்' என்று ஒரே சொல். நியாயம் கேட்க ஆளில்லாததால் இப்படி ஆனோம், அவ்வளவுதான்.

சபிக்கிறவர்களாகக் காட்டப்படுகிறவர்கள்

ஒடுக்கப்பட்டவர் எப்போதும் சாபம் பெறுகிறவராக மட்டும் வருவதில்லை. சில நேரம் சாபம் போடுகிறவராகவும் வருவார். 2016இல் வந்த 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' என்ற கதைப் புத்தகத்தில் விஸ்தானி என்ற நாடோடி மக்கள் வருகிறார்கள். வண்டிகளில் ஊர் ஊராகப் போவார்கள், குடிப்பார்கள், குறி சொல்வார்கள், கெட்ட பார்வை பார்ப்பார்கள், சபிப்பார்கள். ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக வேட்டையாடப்பட்ட ரோமா மக்களைப் பற்றிய வசைகள் அத்தனையும் அப்படியே. நாஜிகள் லட்சக்கணக்கில் கொன்றழித்த மக்கள் அவர்கள். விளையாட்டில் அவர்கள் பிறருக்கு ஆபத்தானவர்கள்.

நம் நாட்டில் இது விளையாட்டில்லை. 'சூனியக்காரி' என்று பட்டம் கட்டி அடித்து, நிர்வாணப்படுத்தி, கொன்று, நிலத்தை எடுத்துக்கொள்வது இன்றும் நடக்கிறது. பட்டம் பெறுபவர்களில் பழங்குடிப் பெண்களும் தலித் பெண்களும் நிறைய. பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் ஒடிசா 2013இலும் தனிச்சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், சூனியம் வைத்ததாகக் குற்றம் சுமத்தி ஒரு பட்டியலின அல்லது பழங்குடி நபருக்கு உடல் துன்பமோ மன வேதனையோ விளைவிப்பதையும் வன்கொடுமை என்று பிரிவு 3(1)இல் சேர்த்தது. சட்டம் படிக்கிற தம்பி தங்கைகள் இந்த உட்பிரிவை எடுத்துப் படியுங்கள். அதிகாரமுள்ளவன் சபித்தால் அது தர்மம், அதிகாரமற்றவள் முணுமுணுத்தாலே அது சூனியம் என்கிற பழைய ஏற்பாட்டைச் சட்டப் புத்தகத்திலேயே எதிர்கொண்ட இடம் அது.

மாற்றினார்கள், சரி. எதை?

இந்த விளையாட்டை விமர்சித்தவர்கள் வெளியாட்கள் அல்ல. அதை நேசித்து ஆடிய கருப்பினத்தவரும் பிற ஒடுக்கப்பட்ட சமூகத்து ஆட்டக்காரர்களும்தான் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2020இல், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு அமெரிக்கத் தெருக்கள் கொதித்த ஜூன் மாதத்தில், விளையாட்டை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. ஓர்க், டிரவ் போன்ற இனங்களைப் பிறவித் தீயவர்களாகக் காட்டியது நிஜ உலக இனவெறுப்பை ஒத்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. விஸ்தானி பற்றிய பகுதிகளும் திருத்தப்பட்டன. அதன் பிறகும் 2022இல், அடிமைகளாக உருவாக்கப்பட்ட குரங்கு மனிதர்கள் என்று ஹடோசி இனத்துக்கு ஒரு பிறப்புக் கதை எழுதி, எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கியது. 2024ஆம் ஆண்டின் புதிய விதிப்புத்தகத்தில் 'இனம்' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லையே எடுத்துவிட்டு, உயிரினத்தைக் குறிக்கும் வேறு சொல்லைப் போட்டார்கள்.

இதை நாம் ஏளனம் செய்யவில்லை. கேட்டவர்கள் இருந்ததால் நடந்தது, கேட்பாரில்லாமல் இருந்திருந்தால் நடந்திருக்காது. ஆனால் பெயர் மாற்றம் பற்றி நமக்குச் சொந்த அனுபவம் உண்டு. 'ஹரிஜன்' என்று பெயர் வைத்தார்கள். 1938இல் அந்தப் பெயரைச் சட்டத்தில் ஏற்றியபோது அம்பேத்கரும் அவருடைய கட்சியினரும் பம்பாய் சட்டமன்றத்திலிருந்து வெளிநடப்பு செய்தார்கள். பெயர் இனித்தது, சேரி அங்கேயே இருந்தது.

புதிய விதிப்புத்தகத்தில் டிரவ்களுக்கு வெயில் தண்டனை இல்லை. மகிழ்ச்சி. ஆனால் சாபக் கதை இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? டிரவ்கள் பெரும்பாலும் பாதாளத்தில் வாழ்கிறார்கள், பாதாளம் அவர்களை வடிவமைத்திருக்கிறது என்ற பொருளில் இரண்டு வரி. எங்கள் வட்டத்தில் அதிகம் விவாதித்தது இந்த இரண்டு வரியைத்தான். பழைய கதை அயோக்கியத்தனமானது, ஆனால் அதில் சபித்தவன் ஒருவன் இருந்தான். அவனிடம் போய்ச் சண்டை போடலாம். புதிய கதையில் யாருமே இல்லை. அவர்கள் ஏதோ ஆதியிலிருந்தே அங்கே குடியிருந்தது போலவும், இருட்டு தானாக அவர்களைச் செதுக்கியது போலவும் இருக்கிறது.

'அவங்க அந்தக் காலத்துலேர்ந்தே ஊருக்கு வெளியதான் இருக்காங்க', 'அது அவங்க பழக்கம்', 'இப்பெல்லாம் யாரு சாதி பாக்குறா' என்று நல்ல மனிதர்கள் நம்மிடம் சொல்வது இந்த வகைதான். பாட்டன் 'உன் முன்வினை' என்று சொல்லி ஒதுக்கினான். பேரன் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை, ஆனால் ஒதுக்கிய இடம் அப்படியே இருக்க, காரணத்தை மட்டும் அழித்துவிடுகிறான். சாபத்தை நீக்குவதும் சபித்தவனின் பெயரை நீக்குவதும் ஒன்றல்ல. நமக்கு வேண்டியது முதலாவது.

நாம் என்ன செய்யலாம்?

அந்தத் தம்பி மறுவாரம் பகடையோடு வந்தார். இந்த முறை அவர் டிரவ் பாத்திரத்தைக் கேட்டு வாங்கினார். எங்கள் கதையில் அந்தப் பாத்திரம் வாள் எடுக்கவில்லை. எல்ஃப் அரண்மனையின் ஆவணக் காப்பகத்துக்குள் புகுந்து, சாபத் தீர்ப்பின் மூலப் படியைத் தேடியது. தீர்ப்பில் கையெழுத்திட்ட பெருமந்திரவாதிகள் யார், கருப்பு எல்ஃப்கள் விட்டுப்போன காடுகள் யார் பெயருக்குப் பட்டா மாறின என்று பார்த்தது. புத்தகத்தில் இல்லாத கதைதான். ஆனால் இந்த விளையாட்டின் முதல் பக்கத்திலிருந்தே மேசையில் இருப்பவர்கள் விதியை மாற்றிக்கொள்ளலாம் என்ற உரிமை இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்தினோம். பஞ்சமி நிலத்துக்காகத் தாலுகா அலுவலகப் படியேறிய வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் காட்சியை நடத்த யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

தோழர்களே, சாபம் என்று எங்கே கேட்டாலும், அது கோவில் தலபுராணமாக இருந்தாலும் திரைப்படமாக இருந்தாலும் கணினி விளையாட்டாக இருந்தாலும், மூன்று கேள்விகள் கேளுங்கள். சபித்தவன் யார்? அதனால் யாருக்கு என்ன கிடைத்தது? இன்றும் அந்தச் சாபத்தைக் கலையாமல் பிடித்துக்கொண்டிருப்பது யாருடைய கவனம்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். முன்பு நினைவில் வைக்கச் சொன்னோமே, சபித்தவனின் கவனம் கலைந்தால் சாபம் உடையும் என்று. சாதி ஏதோ ஒருநாள் யாரோ போட்டுவிட்டுப் போன மந்திரமல்ல. திருமண விளம்பரத்தில், வாடகை வீட்டு விசாரணையில், தேநீர்க் கடைக் குவளையில், தேர்வு அறையில், ஒவ்வொரு நாளும் லட்சக்கணக்கானவர்கள் கவனமாக இருந்து பிடித்துக்கொண்டிருப்பதால்தான் அது நிற்கிறது. ஒவ்வொரு வழக்கும் ஒவ்வொரு ஆர்ப்பாட்டமும் ஒவ்வொரு சாதி மறுப்புத் திருமணமும் அந்தக் கவனத்தின்மீது விழுகிற அடி. ஓர் அடியில் உடையாது. அடிக்காமலும் உடையாது.

கடைசியாக ஒன்று. 'ரிமூவ் கர்ஸ்' மந்திரத்தின் விதியைத் தம்பி ஒருவர் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு தூரத்திலிருந்து போடலாம் என்று ஒரு குறிப்பு எல்லா மந்திரத்துக்கும் உண்டு. சிலவற்றை நூற்றைம்பது அடி தள்ளி நின்று போடலாம். இதற்கு அப்படி இல்லை. சபிக்கப்பட்டவரைத் *தொட வேண்டும்* என்று இருக்கிறது.

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தச் சட்டக் கல்லூரித் தம்பிதான் சொன்னார்: "அப்ப நம்ம ஊர்ல இது ஏன் இன்னும் பலிக்கலைன்னு இப்பத்தான் தெரியுது." எல்லோரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்த பிறகு, அடுத்த வாரத்துக்கு 'சாதியை அழித்தொழித்தல்' நூலை எல்லோரும் படித்து வருவது என்று முடிவானது. பகடைகளையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.

ஜெய்பீம்.